ரோமியோவின் பிழையும் செபுத் தீவின் பூங்கொத்தியும்

பிலிப்பைன்ஸின் நடுப்பகுதியில் நெடுக்காகக் கிடக்கும் செபுத் தீவு, 1521இல் மெகல்லன் வந்திறங்கியதால் வரலாற்றேடுகளில் இடம்பெற்றது. அத்தீவின் காடு அழிந்த வரலாற்றைச் சொல்ல ஒரு சின்னஞ்சிறு பறவையே போதுமானது.

செபுப் பூங்கொத்தி சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஆண் பறவைக்குக் கருந்தலை, செம்முதுகு, மஞ்சள் பிட்டம், வெளிறிய வயிறு. நால்வண்ணம் என்று பொருள்படும் 'குவாட்ரிகலர்' என்ற சொல் அதன் அறிவியற்பெயரில் இருக்கிறது. நம்மூர் மாமரங்களில் தொற்றி வளரும் புல்லுருவியின் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளின் கனிகளை அது விரும்பி உண்ணும். உலகில் வேறெங்கும் அது இல்லை.

ஆல்ஃபிரட் எவரெட் என்பவர் செபுவில் சேகரித்து அனுப்பிய பறவைகளைக் கொண்டு, 1877இல் டுவீடேல் பிரபு இதனை முதன்முதலாக விவரித்தார். (இவருடைய தந்தையார் 1842 முதல் 1848 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர்.) அக்காலத்திலேயே தீவின் பெரும்பகுதி விளைநிலமாகிக்கொண்டிருந்தது. 1906க்குப் பின் பூங்கொத்தியைக் கண்டதாகப் பதிவே இல்லை.

பிலிப்பைன்ஸ் விலங்கியலாளர் டியோஸ்கோரோ ராபர், காடழிப்பு செபுவின் பறவைகளை என்ன செய்தது என்று 1959இல் ஒரு கட்டுரை எழுதினார். அழிவை வருத்தத்தோடு பதிவு செய்ததே அவர் செய்தது. ஆனால், செபுவில் இனிக் காடில்லை, ஆதலால் பறவையும் இல்லை என்ற எண்ணம் அதன்பின் நிலைபெற்றுவிட்டது. இல்லாத ஒன்றைத் தேடி யார் போவார்கள்? இல்லாத காட்டுக்கு யார் காவல் வைப்பார்கள்? மலைச்சரிவுகளில் எஞ்சியிருந்த மரங்களும் கேட்பாரின்றி வெட்டுப்பட்டன.

1992இல் தபுனான் என்னுமிடத்தில், சுண்ணாம்புப் பாறைகளின்மேல் எஞ்சி நின்ற ஒரு சிறு காட்டுத்துண்டில் பூங்கொத்தி மீண்டும் காணப்பட்டது. 86 ஆண்டுகளாக அது அங்கேதான் உயிரோடு இருந்திருக்கிறது.

பறவையியலாளர் நைஜல் காலர் 1998இல் இந்நிகழ்வுக்கு 'ரோமியோவின் பிழை' என்று பெயரிட்டார். மயக்கத்தில் கிடந்த ஜூலியட்டை இறந்தவளென்று நம்பி ரோமியோ நஞ்சுண்டான். விழித்தெழுந்த ஜூலியட்டும் அதனாலேயே மாண்டாள். உயிரோடிருப்பதை இறந்ததென்று முடிவுகட்டிக் கைவிட்டால், அக்கைவிடலே அதைக் கொன்றுவிடும் என்பதே காலர் சொல்லவந்தது. அந்த ஆண்டுகளில் ஒருவரேனும் தேடிப் போயிருந்தால் எத்தனையோ ஏக்கர் காடு மிஞ்சியிருக்கக்கூடும்.

பின்னர் அல்காய், தலாகெத்தே, அர்காவோ பகுதிக் காடுகளிலும் இப்பறவை கண்டறியப்பட்டது. 2007இல் மத்திய செபுவின் மலைப்பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நிலமாயிற்று. ஆனாலும் மொத்தப் பறவைகள் ஏறக்குறைய நூறுதான் என்று மதிப்பிடப்படுகிறது. கடும் அழிவாபத்தில் உள்ள இனங்களின் பட்டியலிலேயே அது இன்னும் இருக்கிறது.

அந்தப் பட்டியலிலாவது அது நீடிக்க வேண்டும். 'அழிந்துவிட்டது' என்ற சொல்லை எழுதும் முன் ஒருமுறை காட்டுக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பதே செபு நமக்குச் சொல்லும் பாடம்.