லாக்குக்காரர் இல்லாத கால்வாய்

தாம்பரத்தில் பெய்யும் மழைக்குக் கடலுக்குப் போக இரண்டு வழி. ரயில் பாதைக்கு மேற்கே முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் விழுவது அடையாற்றைப் பிடித்துப் பட்டினப்பாக்கம் போய்ச் சேரும். கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளை நிறைத்து வழிவது பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, தெற்கே நடந்து முட்டுக்காட்டில் கடலைக் காணும்.

குடியிருப்போர் சங்கத்தின் விழா மலரில் வரலாறு என்றால் சங்கம் பதிவான ஆண்டு, முன்னாள் தலைவர்களின் வட்டப் படங்கள், கட்டடத்துக்கு நிலம் கொடுத்த புண்ணியவான் என்றுதான் நாம் பக்கங்களை நிரப்புவோம். அவர்கள் எல்லாருக்கும் மூத்த நிறுவனம் ஒன்று நம் கிழக்கு எல்லைக்கு அப்பால் கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாய் வெறும் பள்ளம் அல்ல. ஒரு காலத்தில் அது ஓர் அலுவலகம். சிப்பந்திகள், சுங்கக் கட்டணம், படகு உரிமம், கணக்குப் புத்தகம் எல்லாம் அதற்கு இருந்தன. அந்த அலுவலகம் எப்படி நடந்தது, எப்போது கைவிடப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால், மழைக்காலத்தில் நம் தெருவில் நிற்கும் தண்ணீரின் கதையில் பாதி விளங்கிவிடும்.

தொடக்கம் தனியார் தொழில். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியரும் கடற்படைக்கு உணவுப்பொருள் கொடுத்த ஒப்பந்தக்காரருமான பேசில் காக்ரேன், 1801இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கினார். 1806இல் எண்ணூர் வரை சுமார் 11 மைல் ஓடம் போகத் தயாரானது. அப்போது அதற்குக் காக்ரேன் கால்வாய் என்று பெயர். மனிதர் இங்கே சம்பாதித்த பணத்தோடு லண்டன் திரும்பி, அங்கே நீராவிக் குளியல் நிலையம் ஒன்று வைத்தார். இந்தியாவிலிருந்து போய் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதிய சேக் தீன் முகமது வேலை பார்த்தது அந்த நிலையத்தில்தான். 1837இல் கம்பெனி அரசு கால்வாயைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அது வடக்கே பழவேற்காடு தாண்டி, கிருஷ்ணா டெல்டா கால்வாய்களோடு சேர்வது வரை துண்டு துண்டாக நீண்டது.

தெற்குப் பக்கம் வளர்ந்த கதையில் பஞ்சம் வருகிறது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைச் சூறையாடியது. கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு வந்தார்கள். அவர்களுக்கு நிவாரண வேலையாகக் கொடுக்கப்பட்டதுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டு. 1877, 1878 ஆண்டுகளில் அது தோண்டி முடிந்தது. அந்த நேரத்தில் ராஜதானியின் நிவாரண முகாம்களில் நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கணக்கும், அது உயிர் தரிக்கப் போதாது என்று சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் தொடுத்த வாதமும் நடந்துகொண்டிருந்தன. பட்டினிக்காரர்கள் வெட்டிய கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது. வெட்டியவர்களின் பெயரில் ஒரு பாலம்கூட இல்லை. இதைப் படித்துவிட்டு மயிலாப்பூர்ப் பக்கம் அந்தக் கால்வாயைக் கடப்பவர்கள் மூக்கைப் பொத்துவதற்கு முன் ஒரு நொடி யோசிக்கலாம்.

1882இல் தெற்குப் பகுதி மரக்காணத்தைத் தொட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதற்கு வடக்கே டெல்டா கால்வாய்கள் காக்கிநாடா வரை கொண்டுபோய் விடும். ரயிலுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை நீர்ப்பாதைக்குக் கொடுத்தால் நாடு பிழைக்கும் என்று சர் ஆர்தர் காட்டன் லண்டன் வரை போய் வாதாடிய காலம் அது. அவர் தோற்றார் என்பதற்கு நாமே சாட்சி. தாம்பரம் ரயில் பெற்ற பிள்ளை; 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் ஊரின் தலையெழுத்து முடிவாகிவிட்டது. ஆனால் கொட்டிவாக்கம், சோழிங்கநல்லூர், கோவளம் பக்கத்துக் கிராமங்களுக்கு வெகுகாலம் ரயிலும் இல்லை, நல்ல ரோடும் இல்லை. அவர்களுக்குப் படகுதான் சரக்கு வண்டி.

அந்தப் படகு எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தக் கால்வாய் ஆறு அல்ல. இதற்கென்று ஓட்டம் கிடையாது. கரையோரக் கழிவெளிகளையும் முகத்துவாரங்களையும் கோர்த்து வெட்டப்பட்டது. கடலில் ஓதம் ஏறினால் கால்வாயில் தண்ணீர் ஏறும், வற்றினால் இறங்கும். ஆறு குறுக்கிடும் இடங்களில் இன்னொரு தொல்லை. வெள்ளக் காலத்தில் ஆறு வண்டலை உள்ளே தள்ளும், கோடையில் கால்வாயின் தண்ணீரை உறிஞ்சிக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். இதைத் தடுக்கத்தான் லாக்கு. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நீண்ட தொட்டி. இரு முனையிலும் இரட்டைக் கதவு. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். முன்பக்கத்து மதகுப் பலகையைத் தூக்கினால் தொட்டித் தண்ணீரும் அந்தப் பக்கத்துத் தண்ணீரும் மெல்ல ஒரு மட்டத்துக்கு வரும். மட்டம் சரியானால் கதவு தானாக இளகும். அதுவரை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது, தண்ணீரின் பாரம் அப்படி. இயந்திரம் இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை. லாக்குக்காரரின் தோளும் கண்ணும் போதும்.

ஆங்கிலேயர் இந்தக் கலையைத் தங்கள் ஊர் ஆறுகளில் பழகியவர்கள். தேம்ஸில் லெச்லேடிலிருந்து டெடிங்டன் வரை 44 லாக்குகள் உண்டு. ஆனால் டெடிங்டனுக்கு மேலே கடல் ஓதம் ஏறாது. தண்ணீர் எப்போதும் ஒரே திசையில் இறங்கும், கதவுகளும் ஒரே திசையைப் பார்த்திருந்தால் போதும். ஓதம் விளையாடும் நம் கரையில் காலையில் இந்தப் பக்கம் உயரம், மாலையில் அந்தப் பக்கம் உயரம். இரண்டு பக்கத்துப் பாரத்தையும் தாங்கும்படி கதவு அமைக்க வேண்டும், லாக்குக்காரருக்கு அமாவாசையும் பௌர்ணமியும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்த வகையில் தேம்ஸ்காரரைவிட நம்மவர் வேலை கடினம் என்பது என் கட்சி.

படகுகள் தட்டையான அடி கொண்டவை. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி ஊன்றுவது, அதுவும் முடியாவிட்டால் வடம் கட்டிக் கரையில் ஆள் நடந்து இழுப்பது. வந்த சரக்கில் முதலாவது சவுக்கு விறகு. கேஸ் அடுப்பு வருவதற்கு முன் சென்னையின் உலை கொதித்தது கடற்கரைச் சவுக்குத் தோப்புகளால்தான். தோப்பிலிருந்து நகரத்து விறகுத் தொட்டிகளுக்குக் கால்வாயே வழி. அடுத்தது கேளம்பாக்கம், மரக்காணம் பக்கத்து உப்பு. பிறகு சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், நெல், காய்கறி, கருவாடு.

இதற்கெல்லாம் சட்டமும் இருந்தது. 1890இல் வந்த சென்னைக் கால்வாய்கள், பொதுத் தோணித்துறைகள் சட்டம் படகைப் பதிவு செய்வதையும் கட்டணம் வாங்குவதையும் வகுத்தது. 1898இல் ஏ. எஸ். ரஸ்ஸல் என்ற பொறியாளர் கால்வாயின் வரலாற்றை ஒரு முழு நூலாகவே எழுதினார். இனி வருகிறவர்கள் அதை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டியும் அந்த நூலிலேயே உண்டு. வழிகாட்டி இருந்தும் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும்.

என் பார்வையில் இந்த நிறுவனத்தின் உயிர்நாடி சட்டமும் அல்ல, நூலும் அல்ல, படகுக்காரர்தான். ஓரிடத்தில் வண்டல் சேர்ந்தால் முதலில் தரைதட்டுவது அவருடைய படகு. விறகு நேரத்துக்கு வரவில்லை என்று விறகுத் தொட்டிக்காரர் கத்துவார். போக்குவரத்து குறைந்தால் சுங்க வருமானம் குறையும். கணக்குப் புத்தகத்தில் அது தெரியும். மேலிடத்திலிருந்து கடிதம் வரும். ஆள் இறங்கித் தூர் வாருவார்கள். தினமும் நூறு கண்கள் கால்வாயின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தன, அதற்குத் தனிச் சம்பளம் கொடுக்காமலே.

தேம்ஸுக்கும் இதே சோதனை வந்தது. 1840களில் ரயில் வந்து சரக்கை அள்ளிக்கொண்டு போக, ஆற்றின் வருமானம் விழுந்தது. 1857இல் தேம்ஸ் காப்பு வாரியம் அமைந்தது. பிறகு மேல்பகுதியும் அதன் பொறுப்புக்கு வந்தது. அங்கே ஆற்றைக் காப்பாற்றியது சரக்கு அல்ல, உல்லாசம். ஞாயிற்றுக்கிழமைகளில் துடுப்புப் போடக் கிளம்பிய லண்டன்வாசிகளின் கட்டணம் லாக்குக்காரர்களுக்குச் சம்பளமானது. மூன்று நண்பர்கள் ஒரு நாயோடு படகில் போவதை ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் நகைச்சுவையாக எழுதி வைக்க, கூட்டம் இன்னும் பெருகியது. இன்றைக்கும் அங்கே படகில் கிளம்புகிறவர் முதலில் விசாரிப்பது பாலங்களின் உயரத்தை. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஆஸ்னி பாலத்தின் கீழ் இடைவெளி சுமார் ஏழரை அடிதான். அதைவிட உயரமான படகு அங்கேயே திரும்பிவிட வேண்டும். பாலத்தின் உயரத்தைப் படகைக் கொண்டு பேசுகிறார்கள் என்றால், படகு இருக்கிறது என்று அர்த்தம்.

நம் கால்வாயிலும் உல்லாசம் ஒரு காலத்தில் இருந்தது. மாமல்லபுரத்துக்கு நல்ல சாலை அமைவதற்கு முன், பார்க்கப் போனவர்கள் பலர் கால்வாய்ப் படகில்தான் போனார்கள். 1934இல் பாரதிதாசன், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி முதலிய நண்பர்களோடு நிலா இரவில் தோணியேறி மாமல்லபுரம் போனார்; அந்தப் பயணத்தைத்தான் ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டாக்கினார். சுயமரியாதைக்காரரும் பொதுவுடைமைக்காரரும் ஆராய்ச்சிக்காரரும் ஒரே படகில் இரவெல்லாம் என்ன வாக்குவாதம் செய்திருப்பார்கள் என்று நினைத்தாலே ருசியாக இருக்கிறது. ஆனால் அந்த ருசி வாடிக்கையாகவில்லை. பஸ் வந்தது, லாரி வந்தது. 1965, 1966 புயல்களும் 1976 புயலும் கால்வாயை அடித்துப் போட்டன. பழுதுபார்க்கச் சொல்லிக் கத்த ஆள் இல்லை. லாக்குகள் சிதைந்தன. சேப்பாக்கத்தில் லாக் நகர், கோட்டூர்புரத்தில் லாக் தெரு என்று முகவரியில் மட்டும் மிச்சம்.

பிறகு வந்த பாலங்கள், கீழே படகு போகும் என்ற நினைப்பே இல்லாமல் கட்டப்பட்டன. நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று அது வளர்ந்தது. வேளச்சேரி, தரமணிப் பிள்ளைகள் நகரத்துக்குள் போக அது பெரிய உபகாரம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பயனற்ற நிலம் என்று ஒரு கால்வாயைக் கணக்கில் எழுதிக்கொண்டதைத்தான் சொல்கிறேன். கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் பின்னாலேயே வந்தன.

2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கடலோர மீனவர்கள் படகோடு வந்து மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். அது அடையாற்றுப் பக்கத்துக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அது நம் கிழக்கு வழியின் கதை. சதுப்பு நிலம் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறி, சுமார் 1,248 ஹெக்டேர் உலகக் கவனத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சதுப்பின் தண்ணீர் வெளியேற ஒக்கியம் மடுவு திறந்திருக்க வேண்டும், மடுவுக்குக் கீழே கால்வாய் ஆழமாக இருக்க வேண்டும், முட்டுக்காட்டு முகத்துவாரத்தை மணல் மேடு அடைக்காமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் செம்பாக்கத்து வாசலில் தண்ணீர் நிற்கும். ஓதம் ஏறிய நேரத்தில் மூன்றும் சரியாக இருந்தாலும் சில மணி நேரம் பொறுத்தே ஆக வேண்டும். பழைய லாக்குக்காரருக்கு இது சாதாரணப் பாடம்.

2008இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான நீர்வழியை நான்காவது தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். நம் கால்வாயும் அதில் சேர்த்தி. அதன்பின் கூட்டமும் திட்ட அறிக்கையும் வந்தன. சரக்குப் படகு வரவில்லை. முட்டுக்காட்டில் 1984இல் திறந்த படகுத்துறையில் குடும்பங்கள் சவாரி போகின்றன, கழிமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகின்றன. அந்தப் படகுகளில் ஒன்று வடக்கே திரும்பி, சோழிங்கநல்லூர் தாண்டி ஒக்கியம் மடுவு வரை வந்தால் எங்கே தரைதட்டும், எந்தப் பாலத்தில் தலை இடிக்கும் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. நீர்வளத் துறையும் அதே ஆண்டு தனித் துறையாகிவிட்டது. கேட்க ஆள் உண்டு, கேட்கப்படவும் ஆள் உண்டு. நம் குடியிருப்போர் சங்கங்கள் ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்தில், மழைக்கு முன், மாநகராட்சி, நீர்வளத் துறை இரு தரப்பிலும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மடுவிலிருந்து முட்டுக்காடு வரை படகில் ஒரு முறை போய் வந்து, ஆழக் கணக்கை அடுத்த மலரில் அச்சிடலாம். தலைவர்களின் வட்டப் படங்களுக்குக் கொஞ்சம் இடம் குறையும், அவ்வளவுதான்.