கொய்னா யாருடைய மருந்து?

கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் சேரிகளில் குவினைன் என்றால் வயசானவங்களுக்குத் தெரியாது. கொய்னா என்றால் தெரியும். ‘அதத் தின்னா காது கொய்ங்குனு கத்தும், அதனாலதான் அதுக்குக் கொய்னான்னு பேரு’ என்று என் ஆயா சொல்லும். பேர் அப்படி வந்ததில்லை. பெரு நாட்டு மலைக்குடிகளின் கெச்சுவா மொழியில் மரப்பட்டையைக் குறிக்கும் ‘கினா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனாலும் ஆயா சொன்னதில் மருத்துவம் இருக்கிறது. காது இரைவதுதான் இந்த மருந்து உடம்பில் ஏறியதற்கு முதல் அடையாளம் என்று மருத்துவப் புத்தகங்களும் சொல்கின்றன. எழுத்து தெரியாத கிழவி அதைத் தன் உடம்பிலிருந்தே தெரிந்து வைத்திருந்தாள்.

கொய்னாவைக் கொண்டுவரவும் வளர்க்கவும் சோதிக்கவும் யார் யாருடைய உடம்பு செலவானது? அதே மருந்தைப் பத்திரமாகச் சாப்பிட்டுப் பிழைக்கும் வசதி யாருக்குக் கிடைத்தது? இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேரிலிருந்தே தொடங்கலாம். ஆண்டிஸ் மலைக்காட்டில் விளைந்த அந்த மரத்துக்கு 1742-இல் லின்னேயஸ் ‘சின்கோனா’ என்று பேர் வைத்தார். சின்சோன் என்ற ஸ்பானிய ஊரின் சீமாட்டி, பெருவில் இருந்தபோது அந்தப் பட்டையால் பிழைத்தாள் என்ற கதையை நம்பி வைத்த பேர் அது. கதை உண்மையில்லை என்று பிறகு வரலாற்றாசிரியர்கள் காட்டிவிட்டார்கள். பேர் மட்டும் மாறவில்லை. 1820-இல் பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பட்டையிலிருந்து கொய்னாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப்பிறகுதான் அந்தப் பட்டைமேல் சாம்ராஜ்யங்களின் கண் முழுசாக விழுந்தது.

மனுவேல் இங்க்ரா மாமானி என்ற பேரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பொலிவியாவின் ஐமாரா பழங்குடி. சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வியாபாரியிடம் வேலை செய்தவர். எந்த மரத்தில் சத்து அதிகம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர். 1865-இல் அவர் சேகரித்துக் கொடுத்த விதைகளைப் பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது, டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். இரண்டாம் உலகப்போர்வரை உலகக் கொய்னாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்துதான் போனது. மாமானியை 1871-இல் பொலிவிய அதிகாரிகள் பிடித்துச் சிறையில் போட்டு அடித்தார்கள். அந்த அடியில் செத்துப்போனார். அந்த மரவகைக்கு ‘லெட்ஜரியானா’ என்று பேர். அடி வாங்கிச் செத்தவர் பேர் ஒரு மரத்துக்கும் இல்லை.

நம்ம பக்கத்துக்கு வருவோம். கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் பெருவிலிருந்து கொண்டுவந்த சின்கோனாவை, உதகையில் மெக்ஐவர் என்ற தோட்டக் கண்காணிப்பாளர் வளர்த்தெடுத்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் வந்தன. காட்டை வெட்டிக் குழி தோண்டியது யார்? மலாக்கா நீரிணைப் பகுதியின் சிறைகளிலிருந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை நடுவட்டத்தில் அடைத்து வேலை வாங்கினார்கள். அந்தச் சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

தண்டனை முடிந்த சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் மலைச்சரிவில் குடிசை போட்டு, காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். அவர்களோடு குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றவர்கள் தமிழ்ப் பறையர் பெண்கள். 1909-இல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தன் தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் இதை எழுதியிருக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைகளின் மூக்கை அளந்து, தோல் நிறம் அப்பாவைப் போலவா அம்மாவைப் போலவா என்றெல்லாம் குறித்து வைத்தவர் அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டு எழுதவில்லை. எந்த ஊரிலிருந்து, எந்தப் பஞ்சத்துக்குத் தப்பி மலை ஏறினாளோ! கொய்னாவின் தமிழ்நாட்டு வரலாற்றில் நம்ம சனம் வருவது இப்படித்தான், அளக்கப்பட்ட மூக்காக.

வளர்த்ததைச் சோதிக்கவும் உடம்பு வேண்டும். 1866-இல் சென்னை அரசு ஒரு சின்கோனா ஆணையத்தை வைத்தது. பட்டையில் கொய்னாவைத் தவிர குவினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்று இன்னும் மூன்று காரச்சத்துகள் உண்டு. 1868வரை ஏறத்தாழ 3,600 காய்ச்சல்காரர்களுக்கு நாலையும் கொடுத்துப் பார்த்து, நாலுமே குளிரை நிறுத்துகின்றன என்று முடிவு சொன்னார்கள். மருந்து வரலாற்றில் மிகப் பெரிய ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று அது. 1892-இல் வங்காளத்தில் தபாலாபீஸ் வழியாகக் காலணா விலையில் கொய்னாப் பொட்டலம் விற்கத் தொடங்கினார்கள். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியா கொசு வழியாகப் பரவுகிறது என்பதற்கு ஆதாரம் கண்டார். கொசுக்கள் கடித்தது உசேன் கான் என்ற நோயாளியை. கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் அவருக்கு ஓரணா கூலி.

1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது உலகத்துக்கே கொய்னாத் தட்டுப்பாடு வந்தது. அடுத்த வருசம் வங்கப் பஞ்சத்தில் பட்டினியோடு மலேரியாவும் சேர்ந்து லட்சக்கணக்கானவர்களைத் தின்றது. இருந்த கொய்னா பட்டாளத்துக்கும் கள்ளச்சந்தைக்கும் போனது. போருக்குப்பின் குளோரோகுயினும் டிடிடியும் வந்தன. 1965-இல் இந்தியாவில் மலேரியா ஒரு லட்சமாக இறங்கியது. ஒழிந்தது என்று கொண்டாடிக் கொஞ்சம் அசந்ததும், 1976-இல் 64 லட்சமாக ஏறி நின்றது.

எங்க சேரிக்கு அந்த ஏற்றம் 80களில் தெரிந்தது. என் மாமாவுக்கு விட்டு விட்டுக் குளிர்க்காய்ச்சல். ரத்தம் சோதிக்கவில்லை. பக்கத்து ஊரில் ஊசி போடுகிற ஒருவர், டாக்டர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தில் கொய்னா ஊசி போட்டார். காய்ச்சல் நின்றது. ஆனால் மாமாவின் வலது பாதம் தூக்க வரவில்லை, தொங்கிப்போனது. அப்புறம் ஏர் பிடிக்கவில்லை, நாற்றுக்கட்டு சுமக்கவில்லை. ‘சாமி குத்தம்டா’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொய்னா சதையை அரிக்கும் மருந்து. பிட்டத்தில் போட்டால் அங்கே ஓடுகிற இடுப்பு நரம்பைக் கெடுக்கும். ஊசியாகத்தான் போட்டாக வேண்டும் என்றால் மருந்தை நீர்த்து, தொடையின் முன்பக்கத்தில் பிரித்துப் போட வேண்டும். இது தெரிந்த விசயம். எங்களுக்குச் சொல்லப்படாத விசயம்.

அதனால் தெரிந்ததை எல்லாம் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒன்று, கொய்னா எல்லாக் காய்ச்சலுக்குமான மருந்து இல்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியாவா, அதில் வைவாக்ஸா பால்சிபாரமா என்று பார்க்காமல் எதுவும் தொடக்கூடாது. இன்றைக்கு வைவாக்ஸுக்குக் குளோரோகுயினும் பிரைமாகுயினும், பால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தும்தான் முதல் மருந்து. அவை கிடைக்காதபோது, ஒத்துக்கொள்ளாதபோது டாக்டர் எடுக்கும் மருந்து கொய்னா.

இரண்டு, எடை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. வழக்கமான அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணிக்கு ஒருதரம், ஏழு நாள், கூடவே டாக்ஸிசைக்ளின் அல்லது கிளிண்டமைசின். 60 கிலோ ஆளுக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. ‘ரெண்டு ரெண்டு போடு’ என்று அதையே 40 கிலோ இருக்கிற நம்ம பொம்பளைக்குக் கொடுத்தால் அவளுக்கு அது ஒன்றரை மடங்கு. டாக்ஸிசைக்ளினைக் கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் கொடுக்கக்கூடாது.

மூன்று, வெறும் வயிற்றில் ஆகாது. கொய்னா ரத்தத்துச் சர்க்கரையை இறக்கும். பட்டினி கிடப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் இன்னும் வேகமாக இறங்கும். மயங்கினால் ‘காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சு’ என்று அழுதுகொண்டு நிற்காமல் உடனே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

நாலு, ரத்தக்குழாயில் ஏற்றுவதென்றால் குளுக்கோஸில் கலந்து நாலு மணி நேரம் மெல்ல ஏற்ற வேண்டும். ஊசியால் ஒரே அழுத்தாக அழுத்தினால் இதயம் நின்றுபோகலாம்.

ஐந்து, காது இரைச்சல், தலைவலி, குமட்டல் வரும், போகும். கண் மங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் கூடாது.

இதெல்லாம் எழுத எளிது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளையில் ஏழு நாள் யார் படுக்க முடியும்? ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் பெரும்பாலும் தலித்துகளும் ஆதிவாசிகளும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. படுத்தால் கல் குறையும், கல் குறைந்தால் கடன் ஏறும். 2011-இல் இந்த மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து ஐநூறுக்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். பிற மாநிலத் தொழிலாளருக்கு இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1979-ஆம் வருசச் சட்டம் சொன்னது. சூளைக்குள் அந்தச் சட்டம் நுழைந்ததை நான் பார்த்ததில்லை. மண் எடுத்த பள்ளத்தில் தண்ணி நிற்கும், மூடாத தொட்டியில் கொசு முட்டையிடும். ஆனால் அவர்களுக்கு மலேரியா என்று தெரிந்தால் ‘வெளியிலிருந்து வந்த காய்ச்சல்’ என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஊர்க்காரர்களோ ‘வடக்கத்தியான் கொண்டாந்த நோவு’ என்கிறார்கள். சேரியை நோயின் வீடு என்று ஒதுக்கினவர்களின் வார்த்தை இது. நம்ம சேரியிலேயே சிலர் வாயில் அதைக் கேட்கும்போது வெட்கமாக இருக்கிறது.

இந்த ஒடிசாக்காரர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும. தீவிர மலேரியாவுக்குக் கொய்னாவைவிட ஆர்ட்டிசுனேட் ஊசி மேல் என்று 2005-இல் நிறுவப்பட்டது. வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் ஆகிய நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் நடந்த சோதனை. கொய்னா கொடுத்தவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் கொடுத்தவர்களில் 15 பேர். இந்தியாவில் அது நடந்த இடம் ஒடிசாவின் ரூர்கேலா. அங்கே படுக்கையில் கிடந்தவர்களின் உடம்பு சொன்ன பாடத்தால்தான் இன்றைக்கு உலகம் முழுக்கத் தீவிர மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் முதல் மருந்து. அதே ஒடிசாவிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் சூளைக்கும் வருகிறவருக்குக் காய்ச்சல் அடித்தால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரையோடு மறுநாள் வேலைக்குப் போகிறார்.

ஆகவே, தோழர்களே, மருந்தைப் பத்திரமாகச் சாப்பிடுவது என்பது நோயாளியின் ஒழுக்கம் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனை, ஒரு எடை பார்க்கும் மெசின், மூன்று வேளை சோறு, கூலியோடு ஏழு நாள் படுக்கை, நோயாளிக்குப் புரிகிற பாசையில் நாலு வார்த்தை. இவ்வளவும் சேர்ந்தால்தான் அது மருந்து, இல்லாவிட்டால் நஞ்சு. சூளை வாசலில் சங்கம் கட்டுகிறவர்கள் கூலி உயர்வோடு இதையும் கோரிக்கையில் எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகள் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதிக் குடிசைக் குடிசையாகக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். மாமானியும், நடுவட்டத்தில் பேர் எழுதப்படாத அந்தப் பெண்ணும், என் மாமாவும் விலை கொடுத்து வாங்கிய அறிவு இது. அது அவர்களைப் போன்றவர்கள் கைக்குத்தான் முதலில் போய்ச்சேர வேண்டும்.