தோற்காத பருவமும் பிரிக்கப்பட்ட கடற்கரையும்: பொழியூர், 2018

2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் சந்தோஷ் டிராபி இறுதிப்போட்டி நடந்தது. கூடுதல் நேரத்தின் முடிவிலும் ஆட்டம் 2-2 என்ற சமனிலேயே நின்றது. பெனால்டி உதைகளில் மேற்கு வங்கத்தின் முதல் இரண்டையும் கோல்காப்பாளர் வி. மிதுன் தடுத்தார். கேரளத்தின் நான்காவது உதையை எஸ். சீசன் கோலாக்கியதும் 4-2 என ஆட்டம் முடிந்தது. 2005-க்குப் பின் கேரளம் பெற்ற முதல் பட்டம் இது, மொத்தத்தில் ஆறாவது. அந்தப் பருவம் முழுவதும் அணி ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. கடைசி உதையை உதைத்த சீசனின் ஊர் பொழியூர்.

கேரளக் கடற்கரையின் தென்கோடி மீனவ ஊர்களில் ஒன்று பொழியூர். அதன் வடக்கே பூவாற்றில் நெய்யாறு கடலில் கலக்கிறது. சற்றுத் தெற்கே நீரோடியில் தமிழ்நாடு தொடங்குகிறது. ஆறு கடலைச் சேருமிடத்தில் மணல்திட்டு எழுந்து அடைப்பதும் பின்னர் உடைவதுமான வாயைப் ‘பொழி’ என்பது இக்கரை வழக்கு. மலையாளத்தில் ‘பொழிமுகம்’ என்பதும், குமரி மாவட்டத்தார் மணக்குடியில் ‘பொழிமுகம்’ என்பதும் ஒரே சொல்தான். ஊர்ப்பெயரில் உள்ள அச்சொல்லை இரு மொழிகளில் ஒன்றுக்கு மட்டும் உரியதாக்க இயலாது.

ஊரை அவ்வாறு உரியதாக்க வேண்டிய கட்டாயம் 1956-இல் வந்தது. திருவிதாங்கூரின் தமிழர் இயக்கம் கோரிய வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே தொழிலும் ஒரே வழிபாட்டு மரபும் கொண்ட கடற்கரை இரு மாநிலங்களாயிற்று.

1941-இல் தொடங்கிய சந்தோஷ் டிராபியும் இந்த எல்லைகளையே பின்பற்றியது. திருவிதாங்கூர்-கொச்சி என ஆடிய அணி மறுசீரமைப்புக்குப் பின் கேரளமாயிற்று. ரயில்வே, சர்வீசஸ் போன்ற நிறுவன அணிகளை விடுத்தால், போட்டியின் அலகு மாநிலமே. 1973-இல் கேரளம் தன் முதல் பட்டத்தை வென்றபோது எதிரில் நின்றது ரயில்வே. கேப்டன் மணி மூன்று கோல்கள் அடிக்க, ஆட்டம் 3-2 என முடிந்தது. இக்கரையின் இளைஞர் ஒருவர் கேரளத்துக்கு ஆடுவதா தமிழ்நாட்டுக்கு ஆடுவதா என்பதை, அவர் வீடு எல்லையின் எப்பக்கம் அமைந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது.

அந்தப் பருவத்தின் முன்கதை மைதானத்தில் தொடங்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இக்கரையைத் தாக்கியது. ஆழ்கடலில் இருந்த படகுகள் பல திரும்பவில்லை. பொழியூர், பூந்துறை, விழிஞ்ஞம் ஒருபுறமும், நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் மறுபுறமுமாக வீடுகள் காத்திருந்தன. கடலில் ஒன்றாகத் தொழில் செய்தவர்களைக் காணாமற்போனோர் பட்டியலில் இரு அரசுகள் தனித்தனியே எண்ணின.

புயலுக்குப் பின் இரு மாதங்கள் நிறையுமுன், 2018 ஜனவரியில், பெங்களூருவில் தகுதிச்சுற்று நடந்தது. கேரளம் ஆந்திரத்தை 7-0 என வென்றது. அடுத்து எதிர்கொண்டது தமிழ்நாட்டை. அந்த ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிய, கோல் வித்தியாசத்தில் கேரளம் முன்னேறியது, தமிழ்நாடு வெளியேறியது. கேரளத்தின் தோல்வியற்ற கணக்கில் பெனால்டிக்கே போகாமல் சமனில் முடிந்த ஒரே ஆட்டம் இதுதான். கொல்கத்தாவில் சண்டிகர் 5-1, மணிப்பூர் 6-0, மகாராஷ்டிரம் 3-0, வங்கம் 1-0, அரையிறுதியில் மிசோரம் 1-0. இறுதிப்போட்டியையும் சேர்த்து எட்டு ஆட்டங்கள்: ஆறு வெற்றி, இரண்டு சமன், 25 கோல்கள் அடித்து, வாங்கியவை மூன்று.

இவ்வெண்கள் காட்டாத ஒன்றும் உண்டு. கேப்டன் ராகுல் வி. ராஜ், மிதுன், சீசன் மூவரும் பாரத ஸ்டேட் வங்கி அணியினர். கேரளத்தின் பல தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு வேலை தந்து காத்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், 2017 ஏப்ரல் 1 அன்று அவ்வங்கியில் இணைந்து மறைந்தது. சரியாக ஓராண்டு கழித்து அதே நாளில்தான் கேரளம் கோப்பையை ஏந்தியது. கடலை நம்பி வாழும் ஊரில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. மாதச் சம்பளம் தரும் அலுவலக வேலைக்குக் கடற்கரை மணலிலிருந்து செல்லும் சில வழிகளில் அது ஒன்று. எல்லைக்கு அப்பால் குழித்துறை ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள இரையுமன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் தொழில்முறைக் கால்பந்துக்கு வந்ததும் இதே மணலிலிருந்துதான். துறைசார் அணிகள் சுருங்கும்போது சுருங்குவது கோப்பைகளின் எண்ணிக்கை மட்டுமன்று, அந்த வழியும்தான்.

2019 பிப்ரவரியில் தகுதிச்சுற்று தமிழ்நாட்டின் நெய்வேலியில் நடந்தது. கேரளத்துக்குக் கேப்டன் சீசன். தெலங்கானாவுடனும் புதுச்சேரியுடனும் கோலற்ற சமன். சர்வீசஸிடம் 0-1 எனத் தோல்வி. நடப்புச் சாம்பியன் ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது. ஓராண்டு இடைவெளியில் ஒரே மனிதர் வெற்றியின் கடைசி உதைக்கும் வெளியேற்றத்தின் தலைமைக்கும் உரியவரானார்.

தோற்காத பருவம் என்பது விளையாட்டு வரலாற்றில் எளிதாகப் புகழ்பெறும் அலகு. அது ஒரு மாநிலத்தின் பெயரில் பதிவாகிறது. தொடக்கமும் முடிவும் தேதிகளால் வரையறுக்கப்படுகின்றன. ஆனால் அதை உருவாக்கிய கரைக்கு அந்தத் தேதிகள் பொருந்துவதில்லை. அதே குளிர்காலத்தில் பொழியூர் ஒரு பட்டியலில் தோற்காதவர்களோடும், இன்னொரு பட்டியலில் திரும்பாதவர்களோடும் இடம்பெற்றது. முதல் பட்டியலை மட்டும் வைத்து எழுதப்படும் கால்பந்து வரலாறு கேரளத்தின் வரலாறாக இருக்கலாம். இக்கரையின் வரலாறாக இராது.