ஆசிய விளையாட்டுப் போட்டிகள்: கல்வி, சமூக, அரசியல் விழுமியங்கள்

ஆசிய விளையாட்டுப் போட்டிகள், ஆசிய நாடுகள் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிப் பங்கேற்கும் பல்துறைப் போட்டிகள் ஆகும். முதற் போட்டி 1951 மார்ச் 4 முதல் 11 வரை புது தில்லியில் நடைபெற்றது. இவை நட்புறவையும் சமத்துவத்தையும் வளர்க்கும் என்று தொடக்கம் முதலே கூறப்பட்டு வருகிறது. தகுதியுள்ள எல்லா நாட்டு வீரர்களுக்கும் கதவு திறந்திருந்தபோது அந்நோக்கம் பெருமளவு நிறைவேறியது; அக்கதவு அடைக்கப்பட்டபோது தவறியது.

முன்னோடிகள்

1913இல் மணிலாவில் தொடங்கிய தூரகிழக்குப் போட்டிகளில் பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் ஆகியவை பங்கேற்றன. சீனாவிடமிருந்து கைப்பற்றிய மஞ்சூரியாவில் ஜப்பான் மஞ்சுகோ என்ற அரசை நிறுவியது. அதையும் போட்டிகளில் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் வற்புறுத்த, சீனா எதிர்த்தது. 1934க்குப் பின் அப்போட்டிகள் நடைபெறவில்லை. அதே 1934இல் இந்தியா, இலங்கை, ஆப்கானித்தான், பாலத்தீனம் ஆகியவை பங்கேற்ற மேற்காசியப் போட்டியும் ஒருமுறையுடன் நின்றுபோனது.

தில்லி 1951

புதிய போட்டிகளுக்கு முன்னின்று உழைத்தவர் குரு தத் சோந்தி. இவர் லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவரது முயற்சியால் 1949இல் தில்லியில் ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. முதற் போட்டியில் 11 நாடுகளைச் சேர்ந்த 489 பேர் பங்கேற்றனர்.

போரில் தோற்ற ஜப்பான் 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அழைக்கப்படவில்லை. தில்லி அதற்கு இடமளித்தது. ஜப்பானுடனான சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது 1951 செப்டம்பரில்தான். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஜப்பானிய வீரர்கள், போரில் தங்கள் நாடு ஆக்கிரமித்த பிலிப்பைன்ஸ், பர்மா நாடுகளின் வீரர்களோடு ஒரே களத்தில் நின்றனர். ஜப்பான் பதக்கப் பட்டியலில் முதலிடமும் இந்தியா இரண்டாமிடமும் பெற்றன.

கல்வியும் சமூகமும்

1958 டோக்கியோ போட்டியில் உயரம் பாய்தலில் வென்று இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற இவர், பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்வியாளராகப் பணியாற்றினார். பள்ளி மைதானத்தில் தொடங்கும் பயிற்சி ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டு.

தில்லிப் போட்டியிலேயே பெண்கள் தடகளத்தில் ஓடினர். 1970 பாங்காக் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற கமல்ஜீத் சந்து, ஆசியப் போட்டிகளில் தனிநபர் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 1986 சியோலில் பி. டி. உஷா நான்கு தங்கங்களை வென்றார். 1982இல் போட்டி மீண்டும் தில்லிக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக 1984இல் இந்திய விளையாட்டு ஆணையம் நிறுவப்பட்டது.

ஜகார்த்தா 1962

1962இல் போட்டியை நடத்திய இந்தோனேசியா, இசுரேல், தைவான் வீரர்களுக்கு நுழைவு அனுமதி வழங்கவில்லை. உறுப்பு நாடுகளை விலக்கி நடத்தும் போட்டியை ஆசியப் போட்டி என்று அழைக்கக் கூடாது என்று சோந்தி வாதிட்டார். இதனால் சினங்கொண்ட கூட்டம் ஜகார்த்தாவிலுள்ள இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. சோந்தி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்தப் பகைமைச் சூழலில், கூச்சலிட்ட பார்வையாளர் முன் விளையாடிய இந்தியக் கால்பந்து அணி, இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2–1 என்று வென்றது.

1963இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. ஒலிம்பிக்கும் அரசியல்தான் என்று கூறிய குடியரசுத் தலைவர் சுகர்ணோ, அதே ஆண்டு நவம்பரில் 'கனெஃபோ' என்ற மாற்றுப் போட்டியை நடத்தினார். அவருடைய குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இரு அரசுகளின் பூசலுக்கு விலை கொடுத்தவர்கள் வீரர்கள். கனெஃபோவில் பங்கேற்ற சிலர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்பட்டது. இந்தோனேசியாவும் வட கொரியாவும் அங்கிருந்து விலகின.

பின்னர்

விலக்கல் ஜகார்த்தாவோடு முடியவில்லை. 1974 தெகரான் போட்டியில் மக்கள் சீனம் முதன்முறையாகப் பங்கேற்றது, தைவான் வெளியேற்றப்பட்டது. 1982இல் கூட்டமைப்பின் இடத்தில் ஆசிய ஒலிம்பிக் பேரவை வந்தபோது இசுரேல் அதில் சேர்க்கப்படவில்லை.

எனினும் 2018இல் போட்டிகள் மீண்டும் இந்தோனேசியாவுக்கு வந்தபோது, வட, தென் கொரிய வீராங்கனைகள் ஒரே அணியாக டிராகன் படகுப் போட்டியில் 500 மீட்டர் தங்கம் வென்றனர். அந்த வெற்றியால் இரு கொரியாக்களின் பகை தீரவில்லை. ஆனால் எல்லையின் இருபுறத்தாரும் ஒரே படகில் துடுப்பு வலிக்க முடிந்தது. 1962இல் சோந்தி கேட்டதும் எல்லோருக்கும் அத்தகைய வாய்ப்பு வேண்டும் என்பதே.