தக்கோலப் போர்

மாணவச் செல்வங்களே! போர் என்றவுடன், நடந்த ஆண்டு எது, வென்றவர் யார், தோற்றவர் யார் என்னும் மூன்று வினாக்களோடு நாம் நின்றுவிடுகிறோம். தேர்வுக்கு அவை போதும், வரலாற்றறிவுக்குப் போதா. பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு, இதனை விளக்கத் தக்கோலப் போரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

தக்கோலம், அரக்கோணத்திற்கு அருகே உள்ள ஊர். கி.பி. 949-இல் இரு பேரரசுகள் அங்கே மோதின. தெற்கே, மதுரையும் ஈழமும் கொண்ட முதற் பராந்தக சோழன். வடக்கே, மானியகேடத்திலிருந்து ஆண்ட இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். இருவருக்கும் இடையே கிடந்தது தொண்டை மண்டலம். வட எல்லையைக் காக்கும் பொருட்டுப் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் திருநாவலூர்ப் பகுதியில் படையுடன் பல்லாண்டுகள் தங்கியிருந்தான். கிருஷ்ணனுக்குத் துணையாக வந்தவன் அவன் மைத்துனன், கங்க அரசன் இரண்டாம் பூதுகன்.

போரின் நடுவே இராசாதித்தன் யானைமீது இருந்தவாறே மாண்டான். சோழர் படை நிலைகுலைந்தது. தொண்டை மண்டலம் கைமாறியது.

இச்செய்தியை நமக்குச் சொல்லும் சான்றுகளைக் கேளுங்கள். வென்றவர் நாட்டினது, கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு. இராசாதித்தனைக் கொன்ற பூதுகனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகள் பரிசாகக் கிடைத்தன என்கிறது அது. பூதுகனின் வீரன் மணலேரன் தன் வீரத்திற்குப் பரிசாகக் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் காட்டுப் பன்றியோடு பொருது இறந்தது. அதன் நினைவுக்கு நட்ட கல்லிலேதான் சோழ இளவரசனின் முடிவும் பொறிக்கப்பட்டுள்ளது! தோற்றவர் தரப்பிலோ, ஆனைமங்கலச் செப்பேடுகள் அவன் வீரத்தையே போற்றுகின்றன.

மூன்றாவது சான்று திருவொற்றியூரில் உள்ளது. சேர நாட்டில் பிறந்த ஒருவர் இராசாதித்தனின் உற்ற நண்பராய் இருந்தார். அவனோடு களத்தில் மடியும் பேறு கிட்டவில்லையே என்று நொந்து, உலகைத் துறந்து, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் அவ்வூர் மடத்துக்குத் தலைவரானார். 959-இல் அவர் நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் பொன் அளித்து, அதன் வட்டியால் இறைவனுக்கு வழிபாடு நிகழ ஏற்பாடு செய்தார். அக்கல்வெட்டில் குறிக்கப்பட்டிருப்பது பகை மன்னன் கிருஷ்ணனின் ஆட்சியாண்டு! வேந்தன் மாறினான், ஆயினும் ஊர்ச்சபை பொன்னை ஏற்று அறத்தைக் காத்தது. நண்பனை இழந்தவரின் துயரையும் எவரும் மறைக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தது என்ன? கிருஷ்ணன் 967-இல் மறைந்தான். 972-இல் மாளவத்துப் பரமார மன்னன் சீயகன் மானியகேடத்தைக் கொள்ளையிட்டான். 973-இல் சாளுக்கியன் இரண்டாம் தைலபன் இராட்டிரகூட அரசையே முடித்துவிட்டான். வெற்றி பெற்ற பேரரசு கால் நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. தோற்ற சோழரோ மெல்ல மெல்ல எழுந்தனர். 985-இல் முதலாம் இராசராசன் அரியணை ஏறினான்.

ஆகவே, மாணவர்களே, அம்மூன்று வினாக்களோடு நான்காவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: போருக்குப் பின் அழியாது எஞ்சியது எது? தக்கோலத்தில் வாள் தீர்த்த வழக்கைக் காலம் மறுபடியும் விசாரித்தது. அத்தீர்ப்பைப் படிப்பதே வரலாறு படிப்பதாகும்.