தாடை மூட்டுக் கழுவல்

தாடை மூட்டுக் கழுவல் அல்லது ஆர்த்ரோசென்டெசிஸ் என்பது, கீழ்த்தாடை மண்டையோட்டுடன் இணையும் மூட்டினுள் ஊசிகளைச் செலுத்தி, நுண்ணுயிரற்ற நீர்மத்தால் அதனை அலசும் சிகிச்சை முறையாகும். தோலைக் கீறித் திறக்காமலே செய்யப்படுவதால் இது குறை ஊடுருவல் முறைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மூட்டின் அமைப்பு

காதுத்துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால் இம்மூட்டின் அசைவை உணரலாம். கீழ்த்தாடையின் குமிழுக்கும் பொட்டெலும்பின் குழிக்கும் இடையே உள்ள நார்த் தட்டு, மூட்டறையை மேல், கீழ் என இரண்டாகப் பிரிக்கிறது. வாய் திறக்கத் தொடங்கும்போது கீழறையில் குமிழ் சுழல்கிறது. மேலும் அகலத் திறக்கையில் குமிழும் தட்டும் சேர்ந்து மேலறையில் முன்னோக்கி வழுக்குகின்றன. வளர்ந்தோர் பெரும்பாலும் 40 மி.மீ. அளவுக்காவது வாயைத் திறப்பர். வழுக்கல் தடைப்பட்டால் 25 முதல் 30 மி.மீ. அளவிலேயே தாடை பிடித்துக்கொள்ளும்.

வரலாறு

1887-இல் எடின்பரோவைச் சேர்ந்த தாமஸ் அனன்டேல், இடம்பெயர்ந்த தட்டை அறுவை மூலம் சரியான இடத்தில் தைத்ததை வெளியிட்டார். அதன்பின் நூறாண்டுக் காலம் தட்டைச் சீர்செய்வதே சிகிச்சையின் நோக்கமாக இருந்தது. 1980களில் தட்டுக்கு மாற்றாகப் பொருத்தப்பட்ட டெஃப்லான் கலந்த செயற்கைப் பொருள்கள் சிதைந்து, அருகிலிருந்த எலும்பையும் அரித்தன. அமெரிக்காவில் அவை 1990களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டன.

இதற்கிடையே ஜப்பானின் மசாதோஷி ஓனிஷி, நுண்ணிய குழல்நோக்கியை இம்மூட்டினுள் செலுத்திய அனுபவத்தை 1975-இல் வெளியிட்டிருந்தார். குழல்நோக்கியால் மூட்டை அலசியபோது எதிர்பாராத ஒன்று புலப்பட்டது: தட்டு இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தும் பலருக்கு வலி குறைந்து வாய் திறந்தது. அப்படியானால் குழல்நோக்கியே தேவையில்லையே! இசுரேலின் டோரிட் நிட்சான் குழுவினர் 1991-இல் ஊசிகளால் மட்டும் அலசும் முறையை வெளியிட்டனர். ஈரமான இரு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதுபோல் தட்டு குழியுடன் ஒட்டிக்கொள்கிறது என்பது நிட்சானின் விளக்கம்.

செய்முறை

காதுமடலின் முன்முனையிலிருந்து கண்ணின் வெளிக்கோடி வரை ஒரு கோடு வரையப்படும். காதின் முன் 10 மி.மீ. தொலைவில், கோட்டுக்கு 2 மி.மீ. கீழே முதல் ஊசி மேலறைக்குள் செல்லும். இரண்டாவது ஊசி அதற்குச் சற்று முன்னால் செல்லும். அப்பகுதி மட்டும் மரத்துப்போக மருந்திட்டாலே போதும். ஒரு ஊசி வழியே ரிங்கர் லாக்டேட் நீர்மம் செலுத்தப்பட, அழற்சிப் பொருள்களுடன் மற்றொன்றின் வழியே அது வெளியேறும். பொதுவாக 100 மி.லி. அல்லது அதற்கு மேல் பயன்படும். இடையிடையே தாடையை அசைத்துக் கொடுப்பர். முடிவில் சிலர் ஹயலுரோனிக் அமிலம் அல்லது ஸ்டீராய்டு செலுத்துவர். ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பச் செலுத்துவது குருத்தெலும்பைக் கெடுக்கக்கூடும். கன்ன வீக்கமும், முகநரம்பின் தற்காலிகத் தளர்ச்சியும் ஏற்படலாம். பின்னர் வாய் திறக்கும் பயிற்சி அவசியம்.

யாருக்குப் பயன்படாது?

தாடை வலியில் பெரும்பகுதி தசை சார்ந்தது. மென்மையான உணவு, ஒத்தடம், பயிற்சி, பற்களின் மேல் அணியும் தகடு ஆகியவற்றால் தணியும். சிறுவயதில் மோவாய் அடிபட விழுந்து, மூட்டெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டால் திறந்த அறுவையே வழி. நம் நாட்டில் கவனிக்க வேண்டியது பாக்குப் பழக்கம். பாக்கு மெல்வோரின் கன்ன உட்புறம் நார்த்தன்மையுற்று இறுகுவதாலும் வாய் திறவாது. அங்கே கோளாறு மூட்டில் இல்லை என்பதால் கழுவிப் பயனில்லை. அந்நிலை வாய்ப் புற்றாகவும் மாறக்கூடும்.

புதுச்சேரியில்

வலி காதருகே தோன்றுவதால் பலர் முதலில் காது மருத்துவரிடம் செல்கின்றனர். இம்மூட்டைக் கவனிப்பது பல் மருத்துவக் கல்லூரிகளின் வாய், முகத்தாடை அறுவைத் துறையாகும். புதுச்சேரியில் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. தவளக்குப்பம் வழியாகச் செல்லும் கடலூர்ச் சாலையில், மேலும் தெற்கே பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது.