சுரண்டியும் மானாப் புல்லும்

கச்சாலுக்கு வந்திறங்கியபோது அம்மாவின் தகரப் பெட்டியில் களை எடுக்கும் சுரண்டி ஒன்று இருந்தது. ரப்பர் காட்டுக்குத் தேயிலைமலைச் சுரண்டி எதற்கு என்று அப்பா சிரித்தார். "புல்லு மொளைக்காத சீமையா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை மூடினாள்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அவர்களில் சில குடும்பங்கள் எழுபதுகளில் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் போட வந்தன. நாங்கள் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துச் சனம்.

அங்கே தோட்டத்து நிரைகளுக்கு நடுவே ஒரு பச்சை தெரியக்கூடாது என்பது காப்பிக் காலத்துத் துரைமார் பிடிவாதம். 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, சுரண்டி மட்டும் மாறவில்லை. சுரண்டச் சுரண்ட, புல்லோடு மேல்மண்ணும் மழையில் ஓடைக்குப் போனது. அப்படிச் செத்த மண்ணைத் தேற்றத்தான் மானாப் புல். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, மறுபடி நடுமுன் ஒன்றரை, இரண்டு வருடம் அதை வளர்ப்பார்கள். வெட்டி வெட்டி அங்கேயே பரப்புவார்கள். சித்திரநெல்லா என்கிற சிட்ரொனெல்லாப் புல்லின் உறவு அது. வெட்டும்போது எழும் வாசனை அம்மாவின் சேலையில் இரவுவரை நிற்கும். அதன் அடியில் களை தலைகாட்டாது. "வாடைக்குப் பயந்துக்கிச்சு" என்பாள்.

வாடையா, நிழலா? இதைப் போன்ற வழக்கு கலிபோர்னியாவிலும் நடந்திருக்கிறது. சால்வியா என்ற வாசனைப் புதர்களைச் சுற்றிப் புல் முளைக்காததற்கு அவற்றின் எண்ணெய் ஆவியே காரணம் என்று 1964இல் ஆய்வாளர் முல்லர் எழுதினார். புதருக்குள் ஒளியும் எலியும் முயலும்தான் மேய்ந்துவிடுகின்றன என்று 1970இல் பார்த்தலோமியூ என்ற ஆய்வாளர் மறுத்தார். ரோஸ்மேரியும் இப்போது சால்வியாப் பேரினத்தில்தான் சேர்த்தி. வெயிலும் வறட்சியும் வாட்டும் மத்தியதரைக் கரையில், இலையின் நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெய் சேர்த்துப் பிழைக்கிற செடி. அந்த எண்ணெயிலுள்ள சினியோல்தான் நம் நீலகிரித் தைலத்திலும் மணப்பது; விதை முளைப்பதைத் தடுக்க வல்லது.

ரோஸ்மேரி என்ற பெயருக்கு லத்தீனில் 'கடல் பனித்துளி' என்று பொருளாம். பெயரில் இருக்கும் கடலை நம்பி, முடி வளர உதவும் என்று பேத்தி அந்தச் செடியில் ஒரு தொட்டி வாங்கி வந்தாள். 2004 சுனாமி அலைக்குப் பிறகு நாங்கள் போர்ட் பிளேயர்வாசிகள். இங்கே வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. ஆடிக்குள் வேர் அழுகிவிட்டது.

அடுத்து, களையைக் கொல்லச் சிட்ரொனெல்லா எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து முற்றத்துக் கோரையில் அடித்தாள். எண்ணெய் இலையின் மெழுகைக் கரைக்க, ஈரம் வெளியேறி, மதியத்துக்குள் எல்லாம் கருகியது. முற்றம் முழுக்க அம்மாவின் சேலை வாசனை. பத்து நாளில் கோரை மறுபடி தளிர்த்தது. எண்ணெய் கிழங்குவரை போவதில்லையே.

சுரண்டி இப்போது அரை அங்குலம் தேய்ந்திருக்கிறது. காம்பு மட்டும் மூன்றாவது.